வீடே சேர்ந்து ஒரு மாதம் கதை எழுதுவது: ஹோம்ஸ்கூல் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போவதில்லை. மதுரையில் வீட்டிலேயே படிக்கிறார்கள். பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது, சின்னவனுக்கு ஏழு. வருஷத்தில் ஒரு மாதம் நான், என் மனைவி, பிள்ளைகள், அவர்களுடைய அப்பத்தா என்று வீட்டில் எல்லாருமே ஆளுக்கொரு கதை எழுதுகிறோம். இதைக் கேள்விப்பட்ட மற்ற பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரு மாதத்தில் ஒரு நாவல் என்ற யோசனை எங்கிருந்து வந்தது?

1999 ஜூலையில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கிறிஸ் பேட்டி என்பவரும் அவருடைய நண்பர்களுமாக 21 பேர், ஒரே மாதத்தில் ஆளுக்கொரு நாவல் எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தார்கள். அடுத்த வருஷம் அதை நவம்பருக்கு மாற்றினார்கள். 'நேஷனல் நாவல் ரைட்டிங் மன்த்' என்று பெயர்; சுருக்கி 'நானோரைமோ' என்றார்கள். கணக்கு எளியது: 30 நாளில் 50,000 சொல், அதாவது நாளுக்குச் சுமார் 1,667. நடுவர் கிடையாது, முதல் பரிசு இரண்டாம் பரிசு கிடையாது. இலக்கைத் தொட்ட எல்லாரும் ஜெயித்தவர்கள்.

பிறகு சிறுவர்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார்கள். அதில் 50,000 கட்டாயமாக இருக்கவில்லை. எத்தனை சொல் என்று பிள்ளையே முடிவு செய்ய முடிந்தது. வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்கு இது அப்படியே பொருந்தியது. ஏனென்றால் நாம் ஏற்கனவே பிள்ளையின் வேகத்தை வைத்துத்தான் எல்லாப் பாடத்தையும் நடத்துகிறோம்.

நானோரைமோவை நடத்திய அமைப்புதான் மூடப்பட்டுவிட்டதே?

ஆமாம். மூடப்போவதாக 2025 மார்ச் 31 அன்று அறிவித்தார்கள். பணத் தட்டுப்பாடு ஒரு பக்கம். 2023இல் அவர்களுடைய இணைய மன்றங்களில் சிறுவர் பாதுகாப்பு சரியில்லை என்று எழுந்த புகார்கள் இன்னொரு பக்கம். ஆனால் ஒரு காலண்டரும் ஒரு நோட்டும் இருந்தால் இந்தச் சவாலை நடத்த யாருடைய அனுமதியும் வேண்டாம். சொல்லப்போனால், பிள்ளைகளுடன் எழுதுகிறவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே நடத்துவதுதான் நல்லது. பிள்ளை எழுதுவதை முன்பின் தெரியாதவர்கள் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

பெற்றோரும் எழுதியே ஆக வேண்டுமா? மேற்பார்வை பார்த்தால் போதாதா?

எழுதியே ஆக வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பெரியவர்கள் பக்கத்தில் நின்று "எவ்வளவு எழுதினே?" என்று கேட்டால் அது வீட்டுப்பாடம். பெரியவர்களும் அதே மேசையில் தங்கள் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, அடுத்த வரி வராமல் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது வேறு. கதை வராமல் திணறுவது தன்னிடம் உள்ள குறை இல்லை, எழுதுகிற எல்லாருக்கும் அப்படித்தான் என்று பிள்ளை கண்ணால் பார்க்கிறது. இதை வாயால் சொல்லி ஒரு நாளும் நம்பவைக்க முடியாது.

எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஆளுக்கு ஒரு பத்தி வாசிப்போம். நான் எழுதிக்கொண்டிருந்தது, கிராமத்தில் ஒரு மளிகைக் கடை மூடப்படுகிற கதை. சில நாள் கேட்டுவிட்டுப் பெரியவள் சொன்னாள்: "அப்பா, உங்க கதையில யாருமே பேச மாட்டேங்கிறாங்க. கடைக்காரர் யார்கிட்டயாவது பேசட்டும்ப்பா." சரியான பேச்சு. மறுநாள் கடைக்குக் கடன் கேட்டு ஒரு பாட்டியை வரவழைத்தேன், கதை நகர்ந்தது. அன்றைக்குப் பிறகு அவளுடைய கதையைப் பற்றி நான் சொல்வதையும் அவள் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்கினாள். கருத்துச் சொல்வது மேலிருந்து கீழே மட்டும் வருவதில்லை என்று தெரிந்தால்தான் பிள்ளைக்குக் கருத்துக் கேட்கவும் பிடிக்கிறது.

"எனக்குக் கதையெல்லாம் எழுத வராது" என்று சொல்லும் பெற்றோர் நிறையப் பேர். உங்கள் ஊர், உங்கள் சித்தப்பா, நீங்கள் படித்த டுடோரியல் காலேஜ், எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். பெயரை மாற்றிக்கொண்டால் கதை.

தமிழில் எத்தனை சொல் இலக்கு வைக்கலாம்?

50,000 என்பது ஆங்கிலத்துக்காகப் போட்ட கணக்கு. அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் வேலை கூடிவிடும். 'வீட்டுக்குள்ளிருந்து' என்று நாம் ஒரே சொல்லாக எழுதுவதற்கு ஆங்கிலத்தில் நாலு சொல் வேண்டும். வேற்றுமை உருபும் துணைவினையும் நம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே கதை தமிழில் குறைந்த சொல்லில் முடிந்துவிடுகிறது. அதனால் எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு 30,000 வைத்திருக்கிறோம். நாளுக்கு ஆயிரம். வேலைக்கும் போய்க்கொண்டு எழுதுகிறவருக்கு அதுவே நல்ல பாரம்.

பிள்ளைகளுக்குச் சொல் கணக்கைவிடப் பக்கக் கணக்கு எளிது. மாதம் தொடங்குவதற்கு முன்பே பிள்ளை வழக்கமாக எழுதும் ஒரு பக்கத்தை எடுத்து எத்தனை சொல் இருக்கிறது என்று சேர்ந்து எண்ணுங்கள். 60 சொல் வருகிறது, நாளுக்கு அரைப் பக்கம் எழுத முடியும் என்றால் மாதத்துக்கு 900 சொல். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது உண்மையிலேயே நீண்ட கதை. இலக்கைப் பிள்ளையே சொல்லட்டும். ஆனால் முதல் வாரம் முடிந்ததும் ஒரு முறை மாற்றிக்கொள்ள இடம் கொடுங்கள். ஆசையில் அதிகமாகச் சொல்லிவிட்டுப் பிறகு தவிக்கிற பிள்ளைகள் உண்டு.

கணினியில் எண்ணுகிறவர்களுக்கு ஒரு விஷயம். இடைவெளியை வைத்துத்தான் அது சொல்லை எண்ணும். 'வந்துகொண்டிருந்தான்' என்றால் ஒன்று, 'வந்து கொண்டு இருந்தான்' என்றால் மூன்று. பிள்ளைகள் இதை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். கோபப்படாதீர்கள். எங்கே சேர்த்து எழுதுவது, எங்கே பிரிப்பது என்று பேச அதைவிட நல்ல வாய்ப்பு வராது. எப்படி வேண்டுமானாலும் எழுதட்டும், மாதம் முழுக்க ஒரே மாதிரி எழுதினால் போதும் என்று நாங்கள் முடிவு செய்துகொண்டோம்.

நவம்பரில்தான் எழுத வேண்டுமா?

வேண்டியதில்லை. நமக்கு நவம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை. வெளியே விளையாட முடியாத சாயங்காலங்கள் நிறைய. எழுத அது வசதிதான். ஆனால் சில வருஷம் தீபாவளி நவம்பரில் விழும், கார்த்திகை தீபமும் அந்தப் பக்கம் வரும், ஊருக்குப் போவது வருவது இருக்கும். அந்த நாள்களை முதலிலேயே காலண்டரில் அடித்துவிட்டு மீதி நாளைக் கணக்கில் எடுங்கள்.

வீட்டில் என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் பிள்ளை இருந்தால் கவனம். அந்தத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் பொதுத்தேர்வை வருஷத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது: ஏப்ரல்–மே ஒன்று, அக்டோபர்–நவம்பர் ஒன்று. இரண்டாவதில் தேர்வு எழுதுகிறவரை நவம்பரில் நாவலுக்கு இழுக்காதீர்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஜூன் மாதத்தில் நடத்துகிறது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பள்ளி திறந்து போய்விட்டதால் வீடு அமைதியாக இருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

எழுதத் தெரியாத சின்னப் பிள்ளை என்ன செய்யும்?

சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். சின்னவனுக்கு ஐந்து வயதானபோது அப்படித்தான் ஆரம்பித்தோம். இதில் ஒரே ஒரு விதி: பிள்ளை சொன்னதை அப்படியே எழுத வேண்டும். அவன் சொன்னது இது: "அந்த ஆடு கோவமா போயிருச்சு. ஏன்னா யாருமே அதுகிட்ட கேக்கல." இதை "ஆட்டிடம் யாரும் அனுமதி கேட்காததால் அது கோபமடைந்தது" என்று எழுதியிருந்தால் இலக்கணம் சரியாக இருந்திருக்கும், ஆடு காணாமல் போயிருக்கும். திரும்ப வாசித்துக் காட்டும்போது தான் சொன்ன சொல்லே காகிதத்திலிருந்து வருவதைக் கேட்டு அவனுக்கு வந்த ஆச்சரியம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை அவனுக்கு அங்கிருந்துதான் வந்தது.

அப்பத்தாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. அவர் போனில் குரல்வழித் தட்டச்சில் பேசுகிறார். தமிழ் நன்றாகவே விழுகிறது. தப்பாக விழுந்த சொல்லைப் பெரியவள் உட்கார்ந்து சரிசெய்து கொடுக்கிறாள்.

கையால் எழுதுவதா, டைப் செய்வதா?

பத்து வயதுக்குக் கீழே கையால். அதற்கு மேல் அவர்கள் இஷ்டம். டைப் செய்ய விரும்புகிறவருக்கு முதலில் தமிழ்99 விசைப்பலகையைப் பழக்கிவிடுங்கள். ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழாக மாற்றும் முறை உடனே கைவரும். ஆனால் பிள்ளை தமிழை ஆங்கில எழுத்து வழியாக யோசிக்கப் பழகிவிடும். அது எனக்குப் பிடிக்கவில்லை. சில வாரம் தினமும் கொஞ்ச நேரம் பழகினால் தமிழ்99 கைக்கு வந்துவிடும். அதனால் மாதம் தொடங்குவதற்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும், நடுவில் வேண்டாம்.

எழுத்துப்பிழையைத் திருத்தலாமா?

அந்த மாதத்தில் கூடாது. இதில் நான் பிடிவாதக்காரன்.

ர–ற, ல–ள–ழ, ன–ண குழப்பமும், ஒற்று மிகுமா மிகாதா என்ற குழப்பமும் தமிழ் எழுதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. நாலாவது வரியில் ஒரு பிழையைக் காட்டினால் ஐந்தாவது வரியில் பிள்ளை தனக்கு நிச்சயமாகத் தெரிந்த சொற்களை மட்டும் வைத்து எழுதத் தொடங்கும். 'சுழன்று' என்று எழுத நினைத்தது, ழகரமா ளகரமா என்ற பயத்தில் 'சுற்றி' என்று மாற்றிக்கொள்ளும். பிழை குறைந்தது போலத் தெரியும். உண்மையில் அதன் சொல்வளம் சுருங்கியிருக்கும். இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்: பேனா ஒரு நொடி நிற்கும், அப்புறம் வேறொரு சாதாரணச் சொல் விழும்.

நாங்கள் இப்படிச் செய்கிறோம்: சந்தேகம் வந்த சொல்லுக்கு அடியில் பிள்ளையே பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போகும். மாதம் முடிந்து ஒரு வாரம் கழித்து அந்தக் கோடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு அகராதியோடு உட்காருவோம். தன் கதை அச்சில் நன்றாக வர வேண்டும் என்ற அக்கறையில் கேட்கும்போது வல்லினம் மிகும் இடம்கூட மனதில் நிற்கிறது.

பேச்சுத்தமிழில் எழுதுகிறான். விடலாமா?

விடுங்கள். பாத்திரங்கள் பேசும் இடத்தில் பேச்சுத்தமிழ்தான் வேண்டும். கரிசல், கொங்கு, நாஞ்சில் என்று அந்தந்த ஊர்ப் பேச்சை அப்படியே கொண்டுவந்ததால்தானே நம் கதைகளுக்கு இவ்வளவு உயிர்? விவரிக்கும் இடத்தை எழுத்துத்தமிழில் வைக்கலாம் என்று பன்னிரண்டு வயதுக்கு மேலே உள்ளவர்களிடம் ஒரு முறை சொல்லிப்பாருங்கள். சின்னவர்களுக்கு எந்த விதியும் வேண்டாம்.

ஆங்கிலத்தில்தான் எழுதுவேன் என்கிற பிள்ளையும் எழுதட்டும். ஆனால் அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனை போடுங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு பையன் தன் பாட்டிக்காகக் கதையை அங்கங்கே தமிழில் சொல்லப்போய், அடுத்த வருஷம் தமிழிலேயே எழுதினான்.

"எழுத ஒண்ணுமே தோணல" என்று உட்கார்ந்துவிட்டால்?

இரண்டாவது வாரம் இது கட்டாயம் வரும். முதல் வாரத்துப் புதுமை போயிருக்கும், முடிவு இன்னும் கண்ணில் தெரியாது. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

"யோசிச்சுப் பாரு" என்று சொல்வதால் பயனில்லை. "அப்புறம் என்ன ஆச்சு?" என்பதும் அந்த நேரத்தில் மிகப் பெரிய கேள்வி. சின்னதாக, ஒரே பதில் உள்ள கேள்வியாகக் கேளுங்கள். பெரியவளுடைய கதையில் ஒரு பெண் வீட்டில் கோபித்துக்கொண்டு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, கிடைத்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அதற்கு மேல் பெரியவள் எழுதவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் கேட்டது: "கண்டக்டர் வந்து 'எங்கம்மா போகணும்?'னு கேட்டா அவ என்ன சொல்லுவா?" அவள் என்னிடம் பதில் சொல்லவே இல்லை. குனிந்து எழுத ஆரம்பித்தாள். அந்தப் பெண்ணிடம் நூறு ரூபாய் நோட்டு, கண்டக்டரிடம் சில்லறை இல்லை, பக்கத்து சீட்டு அம்மா டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டு "எங்க இறங்குறே?" என்று கேட்கிறார் என்று இரண்டு பக்கம் போனது.

கையில் என்ன வைத்திருக்கிறாள், யார் கதவைத் தட்டுகிறார்கள், அந்த அறையில் என்ன வாசனை என்பது போன்ற கேள்விகள் எப்போதும் வேலை செய்கின்றன. அதுவும் ஆகவில்லையென்றால் இடத்தை மாற்றுங்கள். 2023இல் இங்கே திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதி எங்களுக்கு அப்படி உதவுகிறது. சென்னைக்காரர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. எந்த ஊரிலும் கிளை நூலகத்து மேசை ஒன்று கிடைக்கும்.

பார்த்த கார்ட்டூனையே பெயர் மாற்றி எழுதுகிறாள்.

எழுதட்டும். பத்துப் பன்னிரண்டு பக்கம் தாண்டியதும் கடன் வாங்கிய கதை தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு சொந்தச் சரக்கைத்தான் போட்டாக வேண்டும். நீளமாக எழுதச் சொல்வதன் நன்மைகளில் இதுவும் ஒன்று.

ஏ.ஐ. செயலியிடம் உதவி கேட்கலாமா?

எங்கள் வீட்டில் வேண்டாம் என்று முடிவு. 2024இல் நானோரைமோ அமைப்பே ஏ.ஐ.யை முழுதாக எதிர்ப்பது சரியல்ல என்பது போல ஒரு அறிக்கை விட்டு, எழுத்தாளர்களிடையே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அமைப்பின் ஆலோசனைக் குழுவில் இருந்த எழுத்தாளர்கள் சிலர் விலகினார்கள். எனக்கு அந்த விவாதத்தைவிடப் பிள்ளைதான் முக்கியம். கண்டக்டர் கேள்விக்குப் பதில் தேடி அவள் குனிந்திருந்த அந்த நேரத்துக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். அந்த நேரத்தை ஒரு செயலியிடம் கொடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் பக்கங்கள்.

அந்த மாதம் மற்ற பாடங்கள்?

கணக்கு மட்டும் தினமும் கொஞ்சம் நடக்கும். மற்றவை கதையோடு வந்துவிடுகின்றன. தன் கதையில் வரும் பஸ் எந்த வழியாகத் தேனிக்குப் போகும் என்று பெரியவள் வரைபடம் பார்த்தாள், வழியில் எந்த ஆறு வரும் என்று தேடினாள். நீங்களாகப் பாடத்தைக் கதைக்குள் திணிக்காதீர்கள். பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும்.

மாதம் முடிந்தும் கதை முடியவில்லையென்றால்?

இரண்டில் ஒன்றைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும்: இன்னும் ஒரு வாரம் நீட்டிப்பது, அல்லது கடைசி அத்தியாயத்தை மட்டும் இப்போதே எழுதிவிட்டு நடுவில் "இங்கே இன்னும் வரும்" என்று இடம் விடுவது. இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. முடிவை எழுதிப் பார்த்த பிள்ளை நடுவுக்குத் திரும்பி வருகிறது. நடுவிலேயே நின்றுவிட்ட பிள்ளை பெரும்பாலும் அந்த நோட்டை மறுபடி திறப்பதில்லை. இலக்கைத் தொடாத பிள்ளையை மற்றவரோடு ஒப்பிட்டு ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். அண்ணன் தங்கைக்கு நடுவே இது சீக்கிரம் போட்டியாக மாறிவிடும் ஆபத்து உண்டு. ஆளுக்கொரு தாளில் தனித்தனியாகக் கணக்கு எழுதுங்கள், சுவரில் ஒரே அட்டவணை ஒட்டாதீர்கள்.

முடித்த கதையை என்ன செய்வது?

ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுங்கள். அட்டைப்படத்தைப் பிள்ளையே வரையட்டும், பின்னட்டையில் கதைச் சுருக்கம் எழுதட்டும். பிழை திருத்திய பிறகு பைண்டிங் போடுவது பெரியவர்களுக்கு; ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குத் திருத்தாத நோட்டையே போட்டுக் கொடுக்கலாம், காத்திருக்க வைக்க வேண்டாம். யார் யாருக்குப் பிரதி போக வேண்டும் என்று பிள்ளையே பட்டியல் போடட்டும். இணையத்தில் ஏற்றுவதாக இருந்தால் முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். அப்படியே சம்மதித்தாலும் முழுப் பெயர், படம், ஊர் விவரம் எதுவும் இல்லாமல் ஏற்றுங்கள். சின்னவன் தன் ஆட்டுக் கதையில் ஒரு பிரதியைப் பால்காரருக்குக் கொடுக்க வேண்டும் என்றான். அவரிடம் ஆடு இருக்கிறதாம். கொடுத்தோம்.